கோழியாளத்துச் சிறுவனும் நம் பிள்ளைகளும்

உண்மை, ஒழுக்கம், உழைப்பு ஆகிய நற்பண்புகளை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டுமென்று மேடைதோறும் பேசி வருகிறோம். அவற்றுக்கெல்லாம் முற்பட்ட பண்பு ஒன்று உண்டு. தன்னைத் தான் மதித்தலே அது. நீதிநூலை மனப்பாடம் செய்வித்தால் மட்டும் அது வந்துவிடாது என்பதை நமது பழைய செங்கற்பட்டு மாவட்ட வரலாறே காட்டுகிறது.

திருப்பெரும்புதூரும் ஒரகடமும் அடங்கியிருந்த அம்மாவட்டத்தின் கோழியாளம் கிராமத்தில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசனார். அவர் கோயமுத்தூரில் பயின்ற கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தனர். பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணப் பிள்ளைகள். அவர்களோடு நட்புக் கொண்டால் ஊரையும் உறவையும் வினவுவர். சாதி தெரிந்தால் இழிவாய் நடத்துவர். இதற்கஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்திருந்து, மணியடித்த பின்னரே அவர் வகுப்பினுள் நுழைவாராம். 1939இல் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவரே இதனை எழுதியுள்ளார். பாடத்தில் அவருக்கு அச்சமில்லை, "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?" என்னும் எளிய கேள்விக்கே அஞ்சினார். விளையாட்டும் தோழமையும் இல்லாத பள்ளிப் பருவம் எத்தகையது என்பதை நம்மில் பலர் சொல்லாமலே அறிவர்.

அந்தச் சிறுவர்தாம் 1893 அக்டோபரில் சென்னையில் இதழொன்று தொடங்கி, அதற்குப் "பறையன்" என்றே பெயரிட்டார்! தன்னை மறைத்துக்கொண்டு நிற்பவன் உரிமை கேட்க இயலாது என்பது அவர் துணிபு. முதல் இதழில் சுமார் 400 படிகள் இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தன. எழுத்தறிந்தோர் மிகச் சிலராயிருந்த அக்காலத்தில் இது சிறிய செய்தியன்று.

பரங்கிமலையில் பிறந்து ஆசிரியப் பணியாற்றிய எம். சி. ராஜாவோ வேறு வழி சென்றார். இழிவாய் வழங்கிய பெயரை அரசு ஏடுகளினின்று நீக்கி "ஆதிதிராவிடர்" எனக் குறிக்கச் சட்டமன்றத்தில் முயன்று 1922இல் வெற்றியும் கண்டார். ஒருவர் பெயரைக் கொடியாக உயர்த்தினார், மற்றவர் மாற்றினார். இவருள் யார் சரி என்று வாதிடுவோர் வாதிடட்டும். இருவருமே தலை குனிய மறுத்தவர்கள் என்பதே நம் பிள்ளைகளுக்கு முதலில் தெரியவேண்டியது.

பள்ளியின் அருமையை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் இம்மாவட்டத்து நம் மக்களின் நிலைபற்றி அறிக்கை அளித்தார். 1893இல் பஞ்சமர் கல்விக்கெனத் தனி அரசாணை பிறந்தது. கதவு திறந்தது; உள்ளே அமர்ந்த பிள்ளையின் நெஞ்சிலிருந்த அச்சத்தை ஆணையால் அகற்ற முடியவில்லை.

இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் வயல்கள் இருந்த இடத்தில் ஆலைகள் நிற்கின்றன. நம் இளைஞர்கள் பெயரட்டை அணிந்து அவற்றுள் செல்கின்றனர். சீருடை ஒன்று, உணவுக்கூடம் ஒன்று. ஆயினும், "எந்த ஊர்?" என்பதற்கு அடுத்து "ஊரில் எந்தப் பக்கம்?" என்ற கேள்வி வரும்போது பேச்சை மாற்றும் தம்பிகளை நாம் அறிவோம். ஆகவே நம் மாலை வகுப்புகளில் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் முன் கால் மணி நேரமேனும் சீனிவாசனாரின் கதையைச் சொல்வோம். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அவர் அமர்ந்ததை மட்டுமன்று, மணியோசைக்காக வெளியே காத்திருந்ததையும் சேர்த்தே சொல்வோம்.