செடியின்றிப் பிறந்த வித்து

வேம் என்று விவசாயிகள் சொல்லும் வேர் உட்பூசணத்தைப் பெருக்க நம் ஊரில் வழக்கமான முறை இது: குழியில் பாலித்தீன் விரித்து, வெர்மிகுலைட் நிரப்பி, தாய் வித்தைக் கலந்து, மேலே மக்காச்சோளம் விதைப்பார்கள். இரண்டு மாதம் போல வளரவிட்டுத் தண்டை அறுத்துவிடுவார்கள். வேரை மட்டும் நறுக்கி வெர்மிகுலைட்டோடு கலந்தால் வேம் தயார். தேவைப்பட்டதெல்லாம் வேருக்குள்ளும் வெளியிலும் இருக்கும் பூஞ்சையும் அதன் வித்துகளும்தான். அதற்காக ஒரு பயிரையே வளர்க்க வேண்டியிருக்கிறது.

காரணம், இந்தப் பூஞ்சை உயிருள்ள வேரைப் பிடித்தால்தான் பிழைக்கும். ஈரமிருந்தால் வித்து தானாக முளைக்கும், சிறிது தூரம் இழை ஓட்டும். வேர் அகப்படாவிட்டால் வளர்ச்சி அதோடு நின்றுபோகும். ஸ்காட்லாந்தின் ரைனி பாறைகளில் 40 கோடி ஆண்டுப் பழமையான தாவரப் புதைபடிவங்களிலேயே இந்தக் கூட்டு பதிவாகியிருக்கிறது.

செடி சர்க்கரை கொடுக்கிறது, பூஞ்சை பதிலுக்கு மணிச்சத்து கொடுக்கிறது என்றுதான் வெகுகாலம் பாடம் நடந்தது. ஆனால் வித்து வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள அந்த உருண்டையை நுண்ணோக்கியில் வைத்து நசுக்கினால் தடித்த சுவர் பிளந்து எண்ணெய்த் துளிகள் வழியும். முளைக்கும்போது அந்தக் கொழுப்பைத்தான் உடைத்துச் சர்க்கரையாக்கி, இழையின் சுவரைக் கட்டுகிறது. இவ்வளவு கொழுப்பு எங்கிருந்து வந்தது? ரைசோபேகஸ் இர்ரெகுலாரிஸ் என்ற இனத்தின் மரபணுத்தொகுதியைப் படித்தபோது, கொழுப்பு அமிலத்தை அடியிலிருந்து கட்டும் நொதிக்கான மரபணுவையே காணோம். 2017இல் பல ஆய்வுக் குழுக்கள் விடையோடு வந்தன: வேரின் செல்களே 16 கரிமக் கொழுப்பு அமிலத்தைச் செய்து பூஞ்சைக்கு ஊட்டுகின்றன. சர்க்கரையும் போகிறது, ஆனால் கொழுப்பு இல்லாமல் இந்தப் பூஞ்சைக்கு வாழ்வில்லை.

அப்படியானால் கொழுப்பை நாமே கொடுத்தால்? இதற்கான தடயம் முன்பே கிடைத்திருந்தது. பேனிபேசில்லஸ் வாலிடஸ் என்ற பாக்டீரியாவோடு சேர்த்து வளர்த்தால், செடி இல்லாமலே இந்தப் பூஞ்சை வித்து கட்டுவதை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2002இல் பார்த்திருந்தார்கள். 2019இல் ஜப்பான் ஆய்வாளர்கள் அதன் காரணத்தைத் தேடிப்போய்க் கொழுப்பு அமிலத்தில் வந்து நின்றார்கள். கிளைத்த சங்கிலி கொண்ட சில கொழுப்பு அமிலங்களையோ பால்மிட்டோலிக் அமிலத்தையோ ஊடகத்தில் சேர்த்ததும், வேரையே காணாத இழைகளின் நுனியில் வித்துகள் திரண்டன. அந்த வித்துகளை வேரிடம் சேர்த்தபோது அவை உள்ளே நுழைந்து குடியேறின. இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரிய இடம் இதுதான். வேர் இல்லாமல் பிறந்த வித்து, வேருக்குள் போகும் திறனை இழக்கவில்லை.

அடுத்த ஆண்டே, சாதிக்காயிலும் தேங்காய் எண்ணெயிலும் நிறைய இருக்கும் மிரிஸ்டிக் அமிலத்தின் உப்பைப் பூஞ்சை உணவாகவே எடுத்துக்கொள்வது தெரிந்தது. அதை எரித்து ஆற்றலும் பெறுகிறது, தன் கொழுப்பாகவும் மாற்றிக்கொள்கிறது. ஆனால் வேரில் வளரும் வேகமும் விளைச்சலும் ஆய்வுக்கூடத் தட்டில் இன்னும் வரவில்லை. அது வரும்வரை மக்காச்சோளத்தை விதைத்துத்தான் ஆக வேண்டும்.