ஃபோனோ ப்ரீஆம்ப்: இசைத்தட்டின் மறுபாதி

இந்த முறை கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் மின்னணுவியல். நடுவில் கணக்கு வந்தால் பயப்பட வேண்டாம், நானும் கணக்கில் சுமார்தான் :-)

எங்கள் வீடு மந்தாரக்குப்பத்தில். தாத்தா நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1970களில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சேர்த்து வைத்த சம்பளத்தில் ஒரு எச்.எம்.வி. ஃபியஸ்டா வாங்கினாராம். சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகிற ரெக்கார்ட் பிளேயர். அது உயிரை விட்டுப் பல வருடம் ஆகிறது. ஆனால் தட்டுகள் மட்டும் பத்திரமாக அலமாரியில் இருக்கின்றன. மேல்தட்டில் 'அன்னக்கிளி' முதலான 1970களின் சினிமாப் பாட்டுகள். கீழ்த்தட்டில் தாத்தாவின் அப்பா வாங்கிய, கைதவறினால் அப்பளமாக நொறுங்குகிற 78 சுற்றுத் தட்டுகள். அதில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் உண்டு.

சென்னையில் இருக்கும் மாமா பழைய டர்ன்டேபிள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆசையாக ஹோம் தியேட்டரின் ஆக்ஸ் சாக்கெட்டில் செருகினேன். ஒலி முழுக்க ஏற்றியும் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்டது. சரி, சத்தம்தானே குறைவு என்று, மைக் செட் வைத்திருக்கும் நண்பன் வீட்டுக்குத் தூக்கிப்போய் மைக் சாக்கெட்டில் மாட்டினோம். இப்போது சத்தம் வந்தது. ஆனால் தபேலா காணோம், பேஸ் காணோம், எல்லாம் கீச்கீச். தாத்தா ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "ஜானகியம்மாவ எதுக்குடா தகர டப்பாவுக்குள்ள வச்சுப் பாட வைக்கிற?" என்றார்.

கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் செய்கிற அண்ணன்தான் விஷயத்தைச் சொன்னார். "தம்பி, இதுக்கு நடுவுல ஃபோனோ ப்ரீ வேணும். சத்தத்துக்கு மட்டும் இல்ல, பாட்டைத் திருத்தறதுக்கு."

திருத்துவதா? தட்டில் இருக்கும் பாட்டை ஏன் திருத்த வேண்டும்? ஃபியஸ்டாவில் இப்படி ஒரு பெட்டியே இல்லையே? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

தேரும் தெருவும்

தட்டில் ஒலி எப்படிப் பதிகிறது? சுருளாகப் போகும் ஒரு பள்ளம் இடமும் வலமும் ஆடுகிறது. கனமான ஒலிக்கு (பேஸ்) ஆட்டம் மிகப் பெரிது, மெல்லிய கீச்சொலிக்கு மிகச் சிறிது. பெரிய தேர் அசைந்து வந்தால் தெருவே போதாது, பக்கத்துத் தெருவின் சுவரும் இடியும். தட்டிலும் அதே கதைதான். பேஸை அப்படியே வெட்டினால் ஒரு சுற்றின் பள்ளம் அடுத்த சுற்றில் போய் முட்டும். முட்டாமல் இருக்க இடைவெளி விட்டால் பாட்டு நேரம் குறையும். மறுபக்கம், கீச்சொலியின் ஆட்டம் அவ்வளவு சிறியதாக இருந்தால் தட்டின் சொந்த இரைச்சலில் அது மூழ்கிப்போகும்.

அதனால் பொறியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். வெட்டும்போதே பேஸைக் குறைப்பது, மேல்ஒலியைக் கூட்டுவது. கேட்கும்போது அதற்கு நேர்மாறாகச் செய்தால் பாட்டு பழைய நிலைக்கு வந்துவிடும். கூடவே இரைச்சலும் அடங்கும். அதாவது தட்டில் இருப்பது பாதிக் கணக்கு. மீதிப் பாதி கேட்கிறவர் வீட்டில் இருக்க வேண்டும். அந்த மீதிப் பாதிதான் ஃபோனோ ப்ரீஆம்ப்.

ஆளுக்கொரு கணக்கு

இந்தியாவில் கௌஹர் ஜான் 1902-ல் கல்கத்தாவில் பாடிப் பதிவு செய்தபோது இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அன்று மைக்கே கிடையாது. பெரிய கொம்பு ஒன்றின் வாயில் கத்திப் பாட வேண்டும். கொம்பு என்ன பிடித்ததோ அதுதான் பதிவு.

1925-ல் அமெரிக்காவில் மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் வைத்து மின்முறையில் பதிவு செய்வது வணிகத்துக்கு வந்தது. அப்போதுதான் எந்த ஒலியை எவ்வளவு கூட்டுவது, குறைப்பது என்பது மனிதன் கைக்கு வந்தது. கைக்கு வந்ததும் என்ன ஆனது? ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டது! ஒருவர் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸைக் குறைத்தார், இன்னொருவர் 300, வேறொருவர் 500. மேல்ஒலியைச் சிலர் கூட்டினார்கள், சிலர் தொடவே இல்லை.

1948-ல் கொலம்பியா எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது, மறுவருடம் ஆர்.சி.ஏ. 45 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது. குழப்பம் இன்னும் கூடியது. அந்தக் காலத்து உயர்தர ஆம்ப்ளிஃபயர்களில் எந்தக் கம்பெனித் தட்டு என்று பார்த்துத் திருப்புவதற்கென்றே குமிழ் வைத்தார்கள். தட்டை மாற்றும்போதெல்லாம் குமிழையும் மாற்ற வேண்டும்.

1954-ல்தான் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. ஒரே கணக்கை நிர்ணயித்தது. ஆர்.சி.ஏ. ஏற்கெனவே பயன்படுத்திவந்த வளைவுதான் அது. கொஞ்சம் கொஞ்சமாக உலகம் முழுக்க ஏற்றுக்கொண்டது. இன்று எந்த ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்கினாலும் உள்ளே இருப்பது அதே 1954-ன் வளைவுதான். 1000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்துக்கொண்டால், 50 ஹெர்ட்ஸை ஏழு மடங்கு தூக்குகிறது, 10,000 ஹெர்ட்ஸை ஐந்தில் ஒரு பங்காக இறக்குகிறது. நாங்கள் மைக் சாக்கெட்டில் மாட்டியபோது சத்தம் கிடைத்தது, இந்தத் திருத்தம் கிடைக்கவில்லை. அதனால்தான் ஜானகியம்மா தகர டப்பாவுக்குள் போனார்.

ஃபியஸ்டா தப்பித்தது எப்படி?

ஃபியஸ்டா போன்ற சூட்கேஸ் பிளேயர்களில் இருந்தது கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ். ஊசி அசையும்போது உள்ளே இருக்கும் சின்னத் துண்டு வளைந்து மின்சாரம் தருகிறது. இதில் இரண்டு வசதி. ஒன்று, மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் வரும், தனியாகப் பெருக்க வேண்டாம். இரண்டு, இது பள்ளம் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதைப் பார்க்கிறது. காந்தக் கார்ட்ரிட்ஜோ எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதைப் பார்க்கிறது. தூரத்தைப் பார்ப்பதால், ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தத்தில் ஏறக்குறைய பெரும்பகுதி கிரிஸ்டலில் தானாகவே நடந்துவிடுகிறது. நடுத்தர வர்க்கத்து வீட்டுக்கு இசைத்தட்டு வந்ததற்கு இந்த மலிவான தந்திரம் பெரிய காரணம்.

குறையும் உண்டு. ஊசி கனமாக அழுத்தும், தட்டு தேயும். பழைய கிரிஸ்டல்கள் ரோஷல் உப்பால் ஆனவை. வெயிலும் ஈரமும் ஆகாது. கடலூர் மாவட்டத்தில் இரண்டுக்கும் பஞ்சமா என்ன? தாத்தாவின் ஃபியஸ்டா ஊமையானதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பெட்டி வெளியே வந்த கதை

1970, 80களில் நல்ல ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் என்றால் பின்னால் 'ஃபோனோ' என்று ஒரு சாக்கெட்டும், பக்கத்தில் கிரவுண்டு திருகும் இருக்கும். ப்ரீஆம்ப் உள்ளேயே அடக்கம். பிறகு கேசட் வந்தது. 1982-ல் ஜப்பானில் சி.டி. பிளேயர் விற்பனைக்கு வந்தது. 90களில் தட்டு கேட்பவர்கள் குறைந்ததும், செலவை மிச்சம் பிடிக்க அந்த சாக்கெட்டைத் தூக்கிவிட்டார்கள். ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்தது தனிப் பெட்டியாக வெளியே வந்தது. 2000களின் கடைசியில் தட்டுகளுக்கு மறுபடி மவுசு வந்தது. 2022-ல் அமெரிக்காவில் 1987-க்குப் பிறகு முதல் முறையாக சி.டி.யைவிட எல்.பி.க்கள் அதிகம் விற்றன. அதனால்தான் இன்று மலிவான ஃபோனோ ப்ரீஆம்ப்புகள் இத்தனை கிடைக்கின்றன.

குறைந்த செலவில் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் டர்ன்டேபிளின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'ஃபோனோ / லைன்' என்று சுவிட்ச் இருந்தால் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது, செலவு பூஜ்யம். வீட்டில் பழைய ஸ்டீரியோ இருந்தால் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். ஆனால் இரண்டிலும் இருக்கிறதே என்று ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிவிடாதீர்கள், திருத்தியதையே திருத்தினால் வெறும் மொத்தல் ஒலிதான் வரும்.

இல்லையென்றால் தனிப் பெட்டி. சாதாரண காந்தக் கார்ட்ரிட்ஜ் 3 முதல் 5 மில்லிவோல்ட் தருகிறது. அதற்கு 40 டெசிபல், அதாவது நூறு மடங்கு பெருக்கம் போதும். மூவிங் காயில் என்ற விலை உயர்ந்த வகைக்குத்தான் 60 டெசிபல் வேண்டும். அந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். உள்ளீட்டு மின்தடை 47 கிலோ ஓம் என்பது எல்லோரும் பின்பற்றும் அளவு. பெஹ்ரிங்கர் பிபி400 போன்ற மிகச் சிறிய பெட்டியே இந்த அடிப்படை வேலையைச் செய்துவிடும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ஏ.ஆர்.டி.யின் டிஜே ப்ரீ 2 போன்றவற்றில் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழும், நெளிந்த தட்டின் கீழ்அதிர்வை வடிகட்டும் சுவிட்சும் உண்டு. பழைய தட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வடிகட்டி ரொம்ப உதவும்.

கிரவுண்டு திருகு இல்லாத பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். ஏன் தெரியுமா? நம் வீட்டு மின்சாரத்தின் துடிப்பு 50 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன கணக்குப்படி ஃபோனோ ப்ரீஆம்ப் அந்த 50 ஹெர்ட்ஸைத்தான் நூறு மடங்குக்கு மேலே இன்னும் ஏழு மடங்கு தூக்குகிறது! நான் முதல் நாள் கிரவுண்டு ஒயரை மறந்துவிட்டேன். அனல் மின் நிலையமே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு உறுமல். "நாங்க தோண்டின நிலக்கரியில வந்த கரண்டுடா, மரியாதையாக் கேளு" என்றார் தாத்தா :-) ஒயரைத் திருகினேன், அடங்கியது. ப்ரீஆம்ப்பின் அடாப்டரை டர்ன்டேபிளை விட்டுத் தள்ளி வைத்ததும் மிச்சம் மீதியும் போனது.

கிட்டப்பாவின் குரல்

'அன்னக்கிளி' இப்போது அன்னக்கிளியாகவே பாடியது. அடுத்து 78. (இதற்குத் தனி ஊசி வேண்டும். பள்ளம் அகலம். எல்.பி. ஊசியைப் போட்டால் அடியில் போய் உரசும்.) பாட்டு வந்தது, ஆனால் கிட்டப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. தட்டு தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. மறுபடியும் வரலாறுதான்.

தமிழ்நாட்டில் விற்ற 78 தட்டுகளில் பெரும்பகுதி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எச்.எம்.வி.யும் கொலம்பியாவும் 1931-ல் இணைந்து இ.எம்.ஐ. ஆயின. ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் விற்ற ஓடியனும் அந்தக் குடைக்குள் வந்ததுதான். 1928-ல் டம்டம்மில் தொடங்கிய தொழிற்சாலை இந்தியா முழுவதற்கும் தட்டு அழுத்தியது. இந்தக் குடும்பத்தின் அன்றைய வழக்கப்படி பேஸைச் சுமார் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் குறைத்தார்கள், மேல்ஒலியைக் கூட்டவில்லை. கூட்டாத ஒன்றை 1954-ன் பெட்டி ஐந்தில் ஒரு பங்காக வெட்டுகிறது. கம்பளி வந்தது அப்படித்தான்.

இதற்கென்று குமிழ் வைத்த ப்ரீஆம்ப்புகள் உண்டு, விலை நமக்கு எட்டாது. ஏழை மாணவனுக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சாதாரணப் பெட்டி வழியாகவே கணினியில் பதிந்துகொண்டு, அதில் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவைத் தலைகீழாகப் போட்டால் திருத்தம் அழிந்துவிடும். பிறகு 78-க்கான பழைய வளைவு ஒன்றைப் போட வேண்டும். இரைச்சல் கூடத்தான் செய்யும். உச்சியில் மட்டும் லேசாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கிட்டப்பா 1933-ல், முப்பது வயதைக்கூட எட்டாமல் இறந்துபோனார். சினிமாவில் அவர் நடித்ததில்லை. எட்டுக்கட்டைக் குரல் என்று பேர் வாங்கியவரைக் கேட்க நமக்கு இருக்கும் ஒரே வழி அந்தத் தட்டுகள்தான். அவற்றைத் தவறான பெட்டி வழியாகப் பதிந்து இணையத்தில் ஏற்றினால், 'அந்தக் காலத்தில் இப்படித்தான் மங்கலாகப் பாடினார்கள் போல' என்று அடுத்த தலைமுறை நம்பிவிடும். நானே ஒரு வாரம் அப்படித்தான் நம்பினேன். மங்கல் அவர் குரலில் இல்லை, என் பெட்டியில் இருந்தது.

திருத்திய பதிவைத் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுப் பாட்டும் கேட்டார். "எங்கப்பா சொல்லுவாரு, மேல போகும்போது கொட்டகைக்கு வெளிய இருக்கிறவனுக்கும் கேக்கும்னு. இன்னொருவாட்டி போடு" என்றார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் 78 தட்டுகள் இருந்தால், தேய்ந்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். முதலில் பெட்டியைச் சந்தேகப்படுங்கள்.