உறுப்பும் உயிரும் கரியும்: ஒரு சொல்லின் வரலாறு

'ஆர்கானிக்' என்னும் ஆங்கிலச் சொல் இன்று அறிவியல் நூலிலும் அங்காடியிலும் ஒருங்கே வழங்குகின்றது. 'பயலாஜிகல்' என்பதும் அதனோடு ஒத்த பொருளுடையதே எனக் கருதுவார் பலர். இரண்டும் உயிரைச் சுட்டியே எழுந்தன என்பது உண்மை. ஆயினும் அவை பிரிந்து நடந்த வழியை அறியாது தமிழாக்கம் செய்யின் பொருள் மயங்கும். ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

முன்னதன் வேர் 'ஆர்கனான்' என்னும் கிரேக்கச் சொல். கருவி என்பது அதன் பொருள். காண்டற்கும் கேட்டற்கும் கருவியாதலின் கண்ணும் செவியும் அப்பெயர் பெற்றன. நம் தமிழிலும் இயந்திரத்தைக் குறிக்கும் 'பொறி' என்னும் சொல்லே மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தையும் குறித்தல் காண்க. உறுப்புகளால் இயல்வது உயிருடல். எனவே உயிருடல் சார்ந்ததெல்லாம் ஆர்கானிக் ஆயிற்று. பின்னதோ, வாழ்வைக் குறிக்கும் 'பயாஸ்' என்னும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. உயிர்களை ஆராயும் துறைக்குப் 'பயாலஜி' என்னும் பெயரை 1802ஆம் ஆண்டில் பிரான்சில் லமார்க்கும் ஜெர்மனியில் திரெவிரானசும் தனித்தனியே வழங்கினர்.

அக்காலத்து வேதியியலார், உயிருடலில் தோன்றும் பொருள்களை ஆய்வுக்கூடத்தில் ஆக்கவியலாது என்றும், அவற்றை ஆக்குவது ஓர் உயிராற்றலே என்றும் எண்ணினர். சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ் அப்பொருள்களின் வேதியியலைத் தனியே பிரித்து 'ஆர்கானிக்' என்றார். ஆனால் 1828இல் அவர்தம் மாணவர் ஃபிரெடரிக் வோலர், சிறுநீரிற் காணப்படும் யூரியாவை எவ்வுயிரின் துணையுமின்றி ஆக்கிக் காட்டினார். பழைய கொள்கை ஒரே நாளில் வீழ்ந்துவிடவில்லை. எனினும் மதிலில் முதற்பிளவு அன்றே விழுந்தது. 1861இல் கெக்குலே தம் நூலில், அத்துறை கரிச் சேர்மங்களின் வேதியியலே என வரையறுத்தார். பெயர் நிலைத்தது, உயிர் அகன்று, கரி அவ்விடத்தில் அமர்ந்தது.

இதன் விளைவு வியப்புக்குரியது. பூச்சிகளைக் கொல்லும் டி.டி.டி. வேதியியலில் ஆர்கானிக், நெகிழியும் அவ்வாறே. சிப்பியின் ஓடோ உயிரால் ஆயதாயினும், அதன் சுண்ணாம்பு ஆர்கானிக் அன்று.

அச்சொல் வேளாண்மையிற் புகுந்த கதைக்கு நம் நாட்டோடும் தொடர்புண்டு. 1905இல் பீகாரிலுள்ள பூசாவிற்கு வந்து, 1924 முதல் இந்தோரில் ஆய்வு நடத்திய ஆல்பர்ட் ஹோவர்ட், இலைதழைகளையும் சாணத்தையும் மட்கச் செய்து உரமாக்கும் 'இந்தோர் முறை'யை வகுத்தார். 1940இல் நார்த்போர்ன் பிரபு, பண்ணையை ஓர் உயிருடல் போலக் கண்டு 'ஆர்கானிக்' வேளாண்மை என்றார். இங்கு அச்சொல் கரியை விடுத்துத் தன் பழம்பொருளுக்கே மீண்டது. இதே வேளாண்மையைப் பிரெஞ்சு மொழியார் 'பயலாஜிகல்' என்பதற்கு நேரான சொல்லால் வழங்குகின்றனர். வோலர் ஆக்கிய யூரியா வேதியியலில் ஆர்கானிக். ஆலை யூரியாவோ ஆர்கானிக் வேளாண்மையில் விலக்கப்பட்டது!

இம்முரண் தமிழிலும் புகுந்துள்ளது. இலங்கைத் தமிழில் இரு துறைக்கும் 'சேதனம்' என்னும் சொல்லே வழங்குகின்றது. யூரியா சேதனச் சேர்வை என்பது அங்கு வேதியியற் பாடம். 2021இல் செயற்கை உர இறக்குமதியைத் தடுத்த அரசோ யூரியாவை விலக்கிச் சேதனப் பசளையை இடச் சொன்னது. தமிழகத்தில் வேதியியலுக்குக் 'கரிமம்' என்றும், வேளாண்மைக்கு 'அங்ககம்', 'இயற்கை' என்றும் சொற்கள் வேறாக உள்ளன. நுண்ணுயிர்களால் ஆய உரம் 'உயிர் உரம்' எனப்படுகின்றது. தொழுவுரம் வேறு, உயிர் உரம் வேறு என்பதை உழவர் பெயராலேயே அறிகின்றனர்.

ஆங்கிலம் ஒரு சொல்லில் ஏற்றிய சுமையைத் தமிழ் பல சொற்களிற் பகிர்ந்துள்ளது. அண்மைக் காலத்தில் சிலர் இவ்வேளாண்மையைக் 'கரிம வேளாண்மை' என எழுதுவது அப்பகுப்பைக் குலைப்பதாகும். கரிமம் என்பது ஒரு பொருளின் ஆக்கத்தைக் கூறும்; அது மண்ணுக்கு நல்லதா என்பதைக் கூறாது. நஞ்சும் கரிமமாகலாம் என்பதை மறவாது, உள்ள சொற்களை உரிய இடத்தில் ஆளுவோமாக.