கொள்ளிடத்து வடகரையில் ஆடி

இங்கிலாந்தில் ஆகஸ்ட் மாதக் கடைசித் திங்கட்கிழமை சட்டப்படி விடுமுறை. சனி, ஞாயிறோடு அதையும் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகத் திருவிழா நடத்திக் கோடையை வழியனுப்புகிறார்கள். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் கோடை போகிற செய்தியைக் கொண்டுவருவது ஆடிக்காற்று. அக்கினி நட்சத்திரம் வைகாசியிலேயே கழிந்துவிடும். வெக்கை கழிய ஆடி பிறக்க வேண்டும்.

ஆடி என்றதும் பெருக்கு. பதினெட்டாம் நாளன்று, ஆகஸ்ட் 2 அல்லது 3-ல், திருமானூரிலும் திருமழபாடியிலும் கொள்ளிடக்கரைக்குப் பெண்கள் வருகிறார்கள். மஞ்சள் கயிறு மாற்றுகிறார்கள். காப்பரிசி, காதோலை கருகமணி படைக்கிறார்கள். புதுமணத் தம்பதிகளின் கல்யாண மாலைகள் ஆற்றோடு போகின்றன. ஆனால் போவதற்குத் தண்ணீர் வேண்டுமே! மேட்டூர் திறந்தாலும் பாசன நீர் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும்தான் முதலில். கொள்ளிடம் வெள்ளத்தின் வடிகால். மிஞ்சினால்தான் இந்தப் பக்கம் வரும். மிஞ்சாத ஆண்டில் மணலில் தோண்டிய ஊற்றே அன்றைக்குக் காவிரித்தாய். ஆடிப்பெருக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் தென்கரையிலேயே நின்று எழுதிவிடுகிறோம். பெருக்கில்லாத பெருக்கைக் கும்பிடும் வடகரையின் பக்தி ஒரு படி மேல் என்பது என் கட்சி.

பெரம்பலூருக்கு அந்த ஆறும் இல்லை. பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு மழை பெய்தால் ஓடும். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று வானம் பார்த்த பூமி. அங்கே ஆடி அம்மனுக்கு உரியது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் சில விசேஷ நாள்கள் நீங்கலாக, வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாளே திறந்திருக்கும். மற்ற நாள்களில் அவள் மலையில் செல்லியம்மனோடு இருக்கிறாள் என்பது ஐதீகம். மாவை வீட்டிலிருந்து கொண்டுவருவதைவிட, ஊறவைத்த அரிசியைக் கோயிலிலேயே உரலில் இடித்து மாவிளக்குப் போடுவதுதான் இங்கே வழக்கம். ஆடி வெள்ளியில் உலக்கைச் சத்தத்தைக் கேட்டவர்கள் வேறு மேளம் தேடமாட்டார்கள்.

இந்த வறண்ட சீமைக்கு ஆடி மாதத்தில் இன்னொரு உரிமையும் உண்டு. சோழ மன்னன் முதலாம் இராசேந்திரனின் பிறந்த நாள் மார்கழித் திருவாதிரை என்று நெடுநாள் கருதிவந்தார்கள். திருவாரூர்க் கல்வெட்டு அதை ஆடித் திருவாதிரை என்று தெளிவாக்கியது. ஆடியில் சூரியன் கடகத்தில் நிற்பதால், மிதுனத்துத் திருவாதிரை ஆடி அமாவாசையை ஒட்டியே வரும். 2025-ல் அமாவாசைக்கு முந்தைய நாளே வந்தது. அவன் தலைநகராயிருந்த கங்கைகொண்ட சோழபுரத்தில் இப்போது இது அரசு விழா. 2025 ஜூலை 23 முதல் 27 வரை நடந்த விழாவின் நிறைவு நாளில் பிரதமர் வந்தார், இளையராஜாவின் இசை நிகழ்ந்தது. 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான கோயிலின் முன்னே அன்று கூடிய கூட்டத்தைச் சொல்லி மாளாது.

ஆனால் இராசேந்திரன் தன் கங்கை வெற்றிக்கு நினைவாகச் செய்தவற்றில் ஓர் ஏரியும் உண்டு. சோழகங்கம் என்ற அந்த ஏரியை நீராலான வெற்றித்தூண் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். பதினாறு மைல் நீளக் கரை என்பார்கள். மக்கள் வாயில் அது பொன்னேரி. கொள்ளிடம் எப்போதாவதுதான் நிறையும் என்பதை நமக்கு முன்பே அறிந்த அரசன், மிஞ்சி வரும் நீரைப் பிடித்துவைக்க இடம் கட்டினான் என்றே எனக்குப் படுகிறது. காலத்தின் குறும்பைப் பாருங்கள்: 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, அவன் எழுப்பிய கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். தஞ்சைப் பக்கம் போகிறவர்கள் அந்த அணைமேலுள்ள அணைக்கரைப் பாலத்தில் அந்தக் கற்களை நினைக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

ஆடித் திருவாதிரைக்கு வருகிற அன்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். விமானத்தை அண்ணாந்து பார்த்த கையோடு பேருந்து ஏறிவிடாதீர்கள். பொன்னேரிக் கரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். கோயிலில் விளக்கேற்றியவர்கள் அங்கேயும் ஒரு விளக்கை ஏற்றலாம்.