நுங்கம்பாக்கத்தில் அகப்பட்ட கரிய கோள்

வெள்ளி முளைத்ததையும் வியாழன் மறைந்ததையும் மார்கழி விடியலில் கண்டு திருப்பாவையில் வைத்தாள் ஆண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வியாழனுக்கும் செவ்வாய்க்கும் நடுவே லட்சக்கணக்கான பாறைகள் சூரியனைச் சுற்றி வருகின்றன. சிறுகோள்கள் என்கிறோம். அவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று நம் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது.

1866 மே 16. அக்னி நட்சத்திரக் காலம். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் தொலைநோக்கியோடு இருந்தவர் நார்மன் ராபர்ட் போக்சன். விண்மீன்களின் பிரகாசத்தை அளக்க 1856-இல் அவர் சொன்ன கணக்கைத்தான் உலகம் இன்றும் பின்பற்றுகிறது. 1861-இல் சென்னைக்கு அரசு வானியலாளராக வந்தார். வந்த ஆண்டே, ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைப் பிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர்.

எப்படிப் பிடித்தார்? புகைப்படத் தட்டின் உதவியோடு சிறுகோள் தேடும் முறை 1891-இல்தான் வந்தது. அதற்கு முன் எல்லாம் கண்தான். விண்மீன் வரைபடத்தை வைத்துக்கொண்டு, வானத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் அதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று கண்ணில் பட்டால் அதன் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த இரவு அது நகர்ந்திருந்தால் சிறுகோள். மேகம் மூடினால் காத்திருக்க வேண்டியதுதான். இந்தப் பொறுமைக்கு ஈடாக எதைச் சொல்வது!

1866 மே 16 அன்று இப்படிக் கிடைத்த சிறுகோளுக்கு ‘சில்வியா’ என்று பெயர் வைத்தார் போக்சன். ரோமாபுரியை நிறுவிய இரட்டையர்களின் தாய் ரியா சில்வியாவின் பெயர். வரிசை எண் 87. போக்சன் கண்டது ஒரு மங்கலான ஒளிப்புள்ளி மட்டுமே. அதன் உடம்பு எப்படிப்பட்டது என்று தெரிய நூறாண்டுக்கு மேல் ஆனது.

சில்வியா அடுப்புக்கரிபோல் கறுப்பு. தன்மேல் விழும் சூரிய ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையின் வெளி ஓரத்தில் இருந்துகொண்டு, ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. உருண்டையாக இல்லை; நீண்டு கிடக்கிறது. நீளவாட்டில் 360 கிலோமீட்டருக்குக் குறையாது, சென்னை - திருச்சி தூரத்தைவிட அதிகம். அவ்வளவு பெரிய உருவம் 5 மணி 11 நிமிடத்தில் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. அடர்த்தியோ தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆகவே அது கெட்டியான ஒரே பாறையாக இருக்க முடியாது. உள்ளே நிறைய வெற்றிடம் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

2001-இல் ஹவாய் தீவின் கெக் தொலைநோக்கி சில்வியாவுக்கு ஒரு நிலா இருப்பதைக் காட்டியது. 2004-இல் சிலி நாட்டிலிருந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தாய்க்கேற்ற பிள்ளைகளாக ரோமுலஸ், ரீமஸ் என்று பெயரிட்டார்கள். இரண்டு நிலாக்கள் உண்டு என்று அறியப்பட்ட முதல் சிறுகோள் சில்வியாதான். 1868 நவம்பர் 17 அன்று போக்சன் கண்ட ‘கமில்லா’ என்ற சிறுகோளும் கரியதுதான், அதற்கும் இரண்டாவது நிலா 2016-இல் தெரியவந்தது.

போக்சனைச் சொல்லிவிட்டு அவருடைய தலைமை உதவியாளரை விட்டுவிடுவது நியாயமில்லை. சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரான முதல் இந்தியர். போக்சன் 1891-இல் சென்னையிலேயே இறந்தார். 1899-இல் வானியல் பணிகள் கொடைக்கானலுக்குப் போயின. வானாய்வகத்தில் 1792-இல் நட்ட கருங்கல் தூண் மட்டும், தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டுகளோடு, நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்துப் போகும்போது இந்தத் தூணைக் காட்ட அனுமதி கேட்டுப் பாருங்கள். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்ததை நம் மக்களுக்கு விளக்க ரகுநாதாச்சாரி எழுதிய சிறுநூலைப் பற்றி அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)