விடுதலைக்கு முன் யார் மதிப்பிடுகிறார்கள்?

ஒரு பிள்ளைக்கு நேர்ந்த பாலியல் வல்லுறவு பற்றிக் கல்குடாப் பொலிஸில் பதிவாகும் முறைப்பாடு வாழைச்சேனை நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கி, சட்டமா அதிபரின் குற்றப்பத்திரிகையோடு மட்டக்களப்பு மேல் நீதிமன்றம் வரை போகிறது. நடந்ததைப் பொலிஸாரிடமும், சட்ட வைத்திய அதிகாரியிடமும், சாட்சிக் கூண்டிலும் அந்தப் பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. தண்டனைக் காலம் முடிவதற்கு முன்பே குற்றவாளி வெளியே வருகிறான் என்றால், அவன் இன்னும் ஆபத்தானவனா என்று யார் பார்த்தார்கள்?

இலங்கைச் சிறைகளை இன்றும் ஆள்வது 1877 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம். சிறைக்குள் ஒழுங்காக நடந்தால் தண்டனைக் காலம் குறையும் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. சிறுவர்களைக் குறிவைத்தவன், பெரியவர்கள் மட்டுமே இருக்கும் சிறையில் சாதுவாக இருப்பதில் என்ன வியப்பு? அந்த நன்னடத்தை ஊருக்கு எந்த உத்தரவாதமும் தராது.

1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. 18 வயதுக்குட்பட்டவரை வல்லுறவுக்கு உட்படுத்தினால் குறைந்தது 10 வருடம், கூடியது 20 வருடம் சிறை. 2008 இல் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்திலிருந்து வந்த வழக்கொன்றில், அந்தக் குறைந்தபட்சத் தண்டனை நீதிபதியின் கையைக் கட்டிவிடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. நீதிபதிக்குத் தற்றுணிபு கிடைத்தது. ஆனால் அதைப் பயன்படுத்துமுன் உளநல மருத்துவரின் மதிப்பீடு கட்டாயம் என்று ஒரு விதி கூடவே வரவில்லை.

பொதுமன்னிப்பின் கதை இன்னும் கசப்பானது.

2005 இல் ரோயல் பார்க் மாடிக்குடியிருப்பில் இளம்பெண் ஒருவரைக் கொன்று மரண தண்டனை பெற்றவருக்கு, 2019 நவம்பரில் பதவிக்காலம் முடியும் தறுவாயில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மன்னிப்பு வழங்கினார். மரண தண்டனைக் கைதியை மன்னிக்குமுன் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கையையும் சட்டமா அதிபரின் ஆலோசனையையும் பெறவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 34 ஆம் உறுப்புரை. அந்த மன்னிப்பை எதிர்த்துப் பெண்கள் அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பை இரத்துச் செய்து, 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு செலுத்துமாறு முன்னாள் ஜனாதிபதிக்கு உத்தரவிட்டது. அதற்குள் விடுதலையானவர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்.

மதிப்பீட்டுக்குப் பணம் வேண்டும், உண்மைதான். கலிபோர்னியாவில் 1996 முதல், ஆபத்தானவர் என்று கருதப்படும் பாலியல் குற்றவாளியை விடுவிக்குமுன் இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதிக்கிறார்கள். 2006 இல் மக்கள் வாக்களித்துச் சட்டத்தை விரிவாக்கியதும், மறு வருடமே பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களின் தொகை நான்கு மடங்கைத் தாண்டியது. வெளி நிபுணர்களுக்கு அரசு மில்லியன் கணக்கான டொலர்களைக் கொட்டியது. இறுதியில் மருத்துவமனைக் காவலுக்குப் போனவர்களோ மிகச் சிலர். எல்லோரையும் ஒரே சல்லடையில் போட்டதன் விலை அது.

இலங்கைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. கைவசம் இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே போதும். 1944 முதல் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. தண்டனைக் குறைப்போ மன்னிப்போ பரிசீலிக்கப்படும்போது பாதிக்கப்பட்டவருக்கு அறிவித்து, அவருடைய பாதிப்பைக் கேட்கவேண்டும் என்று 2015 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் சொன்னது. அந்த அறிவித்தல் தமிழில், நேரத்தோடு, கல்குடாவிலுள்ள வீட்டுக்கு வந்து சேரவேண்டும். சிறுவர் மீதான குற்றங்களில் உளநல மருத்துவரின் அறிக்கையும் நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையும் இல்லாமல் எந்த விடுதலைக் கோவையிலும் கையொப்பம் விழக்கூடாது. அதற்கான செலவை வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கவேண்டியது அரசின் பொறுப்பு.