சிந்துவெளிக் குறிகளின் என்ட்ரோப்பி ஆய்வு

சிந்துவெளிக் குறிகளின் என்ட்ரோப்பி ஆய்வு என்பது, இதுவரை படித்தறியப்படாத அக்குறிகள் ஒரு மொழியின் எழுத்தாக இருக்கக்கூடுமா எனத் தகவல் கோட்பாட்டின் வழி ஆராய்ந்த முயற்சியாகும். 2009இல் சயன்ஸ் இதழில் வெளியானது. கணினியியலாளர் ராஜேஷ் ராவ் முதலாசிரியர். சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயற்பியலாளர் ரொனோஜாய் அதிகாரி, கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் ஆகியோர் இணையாசிரியர்களுள் அடங்குவர். மகாதேவன் 1977இல் வெளியிட்ட குறித்தொகுப்பே தரவாக அமைந்தது.

ஒரு குறியை அறிந்தபின் அடுத்தது எதுவென்பதில் எஞ்சும் ஐயத்தின் அளவே இங்குக் கணிக்கப்பட்டது. தமிழில் ‘ங்’ வந்தால் பெரும்பாலும் ககர வரிசையே தொடரும். அங்கு ஐயம் குறைவு. டி.என்.ஏ., புரத வரிசைகளில் இவ்வளவு மிகுதி. போர்ட்ரான் கணினி நிரலில் குறைவு. சிந்துவெளிக் குறிகளோ பழந்தமிழ், சுமேரியம் முதலிய மொழிகளை ஒட்டி அமைந்தன.

இச்சான்று போதாது என ரிச்சர்ட் சுப்ரோட் முதலியோர் மறுத்தனர். குறிகளின் மொழி திராவிடம் என்ற மகாதேவனின் கருத்து வேறு சான்றுகளைச் சார்ந்தது. அது குறித்து இக்கணக்கு எதுவும் கூறவில்லை.